போட்டி செயலிகளுக்கு, நஷ்டம் ஓட்டுநருக்கு

2025 ஜூலை 1 அன்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன அக்ரிகேட்டர்களுக்கான புதிய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஓலா, ஊபர், ராபிடோ போன்ற செயலி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவது தொடர்பான இந்த ஏற்பாடுகளை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. டிஜிட்டல் போக்குவரத்தை ஊக்குவிக்கும் சீர்திருத்தம், போட்டிக்குக் கதவு திறக்கும் நடவடிக்கை என்றெல்லாம் பெருமுதலாளித்துவ ஊடகங்கள் இதனைப் புகழ்ந்தன. பயணிக்கு எத்தனை மடங்கு கூடுதல் கட்டணம் விதிக்கப்படும் என்பதோடு விவாதம் முடிந்துவிட்டது. ஓட்டுநரின் கைக்கு என்ன வரும் என்ற கணக்கை அவர்களில் பெரும்பாலோர் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்கு கடினமானதல்ல. ஒரு வகை வாகனத்துக்கு மாநில அரசு நிர்ணயிக்கும் கட்டணமே அடிப்படைக் கட்டணம். எரிபொருள், பழுதுபார்ப்பு, இன்சூரன்ஸ், வண்டிக் கடனின் தவணை, ஓட்டுநரின் பிழைப்பு ஆகியவற்றைக் கருதியே அது நிர்ணயிக்கப்பட வேண்டும். புதிய நெறிமுறைகளோ அந்தக் கட்டணத்தில் பாதி வரை இறங்கவும், இரண்டு மடங்கு வரை ஏறவும் நிறுவனங்களுக்கு அனுமதி தருகின்றன. 2020-ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் மேல்வரம்பு ஒன்றரை மடங்காக இருந்தது. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், நிறுவனத்தின் வண்டியை ஓட்டுபவருக்கு 60 சதவீதம் சேர வேண்டும் என்று விதி உள்ளது. அரசுக் கட்டணப்படி 300 ரூபாய் பெற வேண்டிய பயணம் ஒன்றை எடுத்துக்கொண்டால், நிறுவனம் அதை 150 ரூபாய்க்கு விற்கலாம். சொந்த வண்டி ஓட்டுநருக்கு அதில் கிடைப்பது 120 ரூபாய். டீசல் விலை பாதியாவதில்லை. வங்கியின் தவணையும் பாதியாவதில்லை. 80 சதவீதம் என்ற கவர்ச்சியான எண், அரசே ஏற்ற கட்டணத்தில் 40 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த அடிப்படைக் கட்டணமாவது காலத்துக்கு ஏற்றதாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்டது. புதிய நெறிமுறைகள் வந்தபோதும் அரசின் ஏட்டில் அதே கட்டணமே இருந்தது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு பழைய கட்டணத்தில் பாதி என்பதை எந்த ஓட்டுநரிடமும் சீர்திருத்தம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த வரம்புகளையும் கடந்து செல்ல நிறுவனங்கள் வழி கண்டுவிட்டன. கமிஷன் கொள்ளைக்கு எதிராகப் பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர்களின் கோபம் முற்றியபோது, அங்குள்ள ஓட்டுநர் சங்கம் ஒன்றின் பங்கேற்புடன் 2022 நவம்பரில் ‘நம்ம யாத்ரி’ செயலி வந்தது. கமிஷன் இல்லை என்பது அதன் அறிவிப்பு. பின்னர் சிறு தொகையைச் சந்தாவாக வசூலிக்கத் தொடங்கியது. போராட்டத்தின் அழுத்தத்தில் பிறந்த இந்த முறையைப் பெரிய நிறுவனங்கள் விரைவிலேயே தமக்கான கேடயமாக மாற்றிக்கொண்டன. 2025 பிப்ரவரியில் ஊபர் தனது ஆட்டோ சேவையைச் சந்தா முறைக்கு மாற்றியது. பயணி நேரடியாக ஓட்டுநரிடம் பணம் கொடுக்கிறார். திரையில் காட்டும் தொகை ஒரு பரிந்துரை மட்டுமே. நிறுவனம் மென்பொருளை வாடகைக்கு விடுகிறது, அவ்வளவுதான் என்பது அதன் வாதம்.

கமிஷன் ஒழிந்ததில் ஓட்டுநருக்குச் சிறிது ஆறுதல் உண்டு; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சவாரி யாருக்குப் போகும், யாருடைய கணக்கு முடக்கப்படும் என்பதை இன்றும் நிறுவனத்தின் அல்காரிதமே தீர்மானிக்கிறது. ஓட்டுநர் காலையிலேயே சந்தாவைக் கட்டிவிடுகிறார். நாள் முழுதும் சவாரி கிடைக்காவிட்டாலும் நிறுவனத்துக்கு இழப்பில்லை. கட்டுப்பாடு முழுவதும் நிறுவனத்திடம், பொறுப்பு மட்டும் ஓட்டுநரிடம்.

இதன் பின்விளைவு சமூகப் பாதுகாப்பிலும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நிதியாகச் செலுத்த வேண்டும் என்கிறது. அந்தத் தொகை தொழிலாளர்களுக்கு நிறுவனம் வழங்கும் பணத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சந்தா முறையில் நிறுவனம் தொழிலாளிக்குப் பணமே வழங்குவதில்லை. ஐந்து சதவீதம் என்ற உச்சவரம்பைக் காட்டி நிதிப் பொறுப்பையே உதற வாதிடும் வழி இங்கே திறந்து கிடக்கிறது. அதே சட்டம் இவர்களை வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியும் வைத்திருக்கிறது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, செயலியை இயக்கி, தமக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியில் சவாரியை ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே.

போட்டி வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் இத்துறையின் குறுகிய வரலாற்றையே பார்க்கட்டும். 2015-இல் ஓலா, டாக்ஸிஃபார்ஷ்யூர் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே மூடியது. மேரு நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு பயணத்திலும் ஊபர் 204 ரூபாய் இழப்பதாகக் கூறப்பட்டதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், போட்டியாளரை ஒழிப்பதைத் தவிர இதற்கு வேறு பொருளாதாரக் காரணம் தெரியவில்லை என்ற கருத்தில் 2019 செப்டம்பரில் விசாரணைக்கு வழிவிட்டது. 2021-இல் போட்டி ஆணையம் அந்த வழக்கை முடித்துவைத்தது. சந்தையில் ஓலாவும் இருப்பதால் ஊபரை ஆதிக்க நிறுவனம் எனக் கொள்ள முடியாதாம். அந்த இரு நிறுவனங்களிலும் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் பணம் போட்டிருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் 2018-இல் ஊபர் தன் வணிகத்தை கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பங்குகளைப் பெற்றுக்கொண்டது. அதன்பின் சிங்கப்பூரில் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டி ஆணையமே கண்டறிந்து இரு நிறுவனங்களுக்கும் அபராதம் விதித்தது. நிதி மூலதனத்தின் போட்டி எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மாநிலங்கள் அனுமதித்தால் சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வாகனங்களையும் வாடகைச் சவாரிக்கு இறக்கலாம் என்கிறது புதிய நெறிமுறை. பர்மிட், எஃப்.சி., வணிக இன்சூரன்ஸ் என்று அத்தனைச் செலவையும் சுமக்கும் ஆட்டோ ஓட்டுநர் இதனால் கொதிப்பது இயல்பே. அதே வேளையில் பைக் ஓட்டுபவரும் வேறு வேலை கிடைக்காத இளைஞர்தான். சாலையில் இவர்கள் இருவரும் மோதிக்கொண்டால் ஆதாயம் நிறுவனத்துக்கே. இரு பகுதியினரையும் ஒரே கோரிக்கையின் கீழ் திரட்டுவது தொழிற்சங்கங்களுக்கு எளிய வேலையல்ல. என்றாலும் அதைத் தள்ளிப்போட இயலாது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 ஆகஸ்ட் 17 அன்று திருவனந்தபுரத்தில் ‘கேரள சவாரி’யைத் தொடங்கியபோது, அரசுக் கட்டணத்துக்குமேல் 8 சதவீத சேவைக் கட்டணம் மட்டுமே வசூலிக்கப்படும் என்று அறிவித்தது. தள்ளுபடிகளைக் கொட்டும் நிறுவனங்களுக்கு முன்னால் அதன் முதல் வடிவம் போதிய அளவு வேரூன்றவில்லை. 2025-இல் அது மறுவடிவம் பெற்று மீண்டும் வந்தது. நல்ல நோக்கம் மட்டும் ஒரு செயலியை ஓடவைக்காது. தொழில்நுட்பம், முதலீடு, ஓட்டுநர்களின் அன்றாடப் பங்கேற்பு மூன்றும் தேவை. ஒன்றிய அமைச்சர் அமித் ஷா 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கூட்டுறவு டாக்ஸி பற்றி அறிவித்தார். அதன்பின் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் ‘பாரத் டாக்ஸி’க்கான சங்கம் பதிவானது. ஓட்டுநரே உரிமையாளர் என்கிறார்கள். அதே அரசு தனியாருக்குப் பாதிக் கட்டணத்தில் விற்கும் உரிமையை எழுதிக்கொடுத்திருக்கையில் எந்தக் கூட்டுறவு தாக்குப்பிடிக்கும்?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: உரிமம் வழங்கும்போது மாநில அரசு ஒன்றிய அரசின் நெறிமுறைகளைப் ‘பின்பற்றலாம்’. பின்பற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. உரிம நிபந்தனைகளை எழுதும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கிறது. அரசுக் கட்டணத்துக்குக் கீழே எந்தச் சவாரியும் கூடாது; சந்தா முறையானாலும் கமிஷன் முறையானாலும் விற்றுமுதலில் தொழிலாளர் நல நிதிக்குப் பங்கு தர வேண்டும்; விளக்கம் கேட்காமல் ஓட்டுநர் கணக்கை முடக்கக் கூடாது; சவாரி ஒதுக்கும் முறையைத் தொழிலாளர் துறையின் ஆய்வுக்கு வைக்க வேண்டும். உரிம விதிகள் இன்னும் இறுதியாகாத மாநிலங்களில் இந்நான்கு நிபந்தனைகளையும் அவற்றில் சேர்க்கவும், இறுதியான இடங்களில் விதிகளைத் திருத்தவும் கோரி, சட்டமன்றத்திலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் ஒரே நேரத்தில் இயக்கம் தொடங்க வேண்டும்.