தடையாணை வந்து சேருமுன்

உதியன்குளங்கரையில் பேருந்து ஏறினால் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் சில நிமிடத் தொலைவு. எர்ணாகுளத்திலுள்ள உயர்நீதிமன்றமோ 200 கிலோமீட்டருக்கும் அப்பால். வெளியேற்றும் ஆணை அருகில் பிறக்கிறது. அதை நிறுத்திவைக்கும் ஆணைக்கு ஏழை நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் 2020 டிசம்பர் 22 அன்று ஒரு குடும்பம் எரிந்தது.

நெய்யாற்றின்கரை அருகே லட்சம் வீடு காலனியில் மூன்று சென்ட் நிலத்தில் குடியிருந்த தம்பதியை வெளியேற்ற நீதிமன்ற ஊழியரும் காவல்துறையினரும் வந்தனர். கணவர் தம்மீது பெட்ரோலை ஊற்றிக்கொண்டார். லைட்டரைக் காவலர் தட்டிவிட முயன்றபோது தீப்பற்றியது. அதே நாளில் உயர்நீதிமன்றத்தின் தடையாணையும் வந்தது. தடை வருமென அறிந்தே அவசரம் காட்டினர் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. ஒரு வாரத்துக்குள் இருவரும் மாண்டனர். தந்தைக்குக் குழி வெட்டிய மகனையும் காவல்துறை தடுக்க முற்பட்டதை நாடே கண்டது.

இது வெறும் காவல்துறை அத்துமீறலா? அன்று, சட்டத்திலேயே ஊறியிருக்கும் அநீதி. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908, ஆணை 41, விதி 5 தெளிவாகக் கூறுகிறது: மேல்முறையீடு செய்வதால் மட்டும் தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது, தடையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பெற்ற தடையும் கீழ் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்ட நாள்முதல்தான் செல்லும். தடை கிடைத்ததை மேல்முறையீட்டாளர் பிரமாண வாக்குமூலத்தில் தெரிவித்தாலே கீழ் நீதிமன்றம் அதன்படி நடக்க வேண்டும் என்ற விளக்கமும் உண்டு. ஆனால் கதவைத் தட்டும் காவலரை வாசலில் வைத்துக்கொண்டு வாக்குமூலம் தயாரிக்க ஏழைக்கு வழக்குரைஞர் எங்கே?

வசதி படைத்தோருக்கு இத்தகைய இடைவெளி இருந்ததில்லை. 1975 ஜூன் 12 அன்று இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென அறிவித்த அலகாபாத் உயர்நீதிமன்றமே, தன் தீர்ப்பை 20 நாட்கள் நிறுத்திவைத்தது. ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையுடன் தடை வழங்கினார். பிரதமர் பதவிக்குக் கிடைத்த 20 நாட்கள் மூன்று சென்ட் குடிசைக்கு ஏன் கிடைக்கவில்லை?

அதே கிருஷ்ணய்யர் 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையின் சட்ட அமைச்சர். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் அந்த அரசு குடியானவர்களை வெளியேற்றும் நடவடிக்கைகளை அவசரச் சட்டத்தால் நிறுத்தியது. மேல்முறையீட்டையோ தனித்தனி மனுக்களையோ எதிர்பார்த்து அது காத்திருக்கவில்லை. அந்த மரபுக்கு உரிமை கொண்டாடும் இடது முன்னணியின் ஆட்சியில்தான் 2020இன் கொடுமையும் நிகழ்ந்தது. பின்னர் வீடும் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டன. வெளியேற்றும் முறையோ அப்படியே நீடிக்கிறது.

வழக்கில் வென்றவர் காத்திருப்பது அநீதியாகாதா என்பர். நிலம் எங்கும் ஓடிவிடாது. தாமதத்தால் நேரும் இழப்பைப் பின்னர் ஈடுகட்டலாம். இடிந்த வீட்டையும் இறந்த உயிரையும் எந்தத் தீர்ப்பு மீட்கும்?

எனவே, குடியிருக்கும் ஒரே வீட்டைப் பறிக்கும் எந்தத் தீர்ப்பும், மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரையும், தடை மனு தாக்கலானால் அது விசாரிக்கப்படும்வரையும், தானாகவே நின்றிருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறை பொதுப் பட்டியலில் உள்ளது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவரலாம். எந்த முன்னணி ஆண்டாலும் இக்கோரிக்கையை முன்வைப்போம். எல்லையின் இருபுறமும் குடிசைகளில் வாழும் உழைப்பாளிகள் இதற்காக ஒன்றுதிரள வேண்டும்.