மேடையும் துறையும்

தொலைக்காட்சியில் ஆடை வடிவமைப்புப் போட்டி என்றால் நம் மாணவர் கூட்டம் கண்கொட்டாமல் பார்க்கிறது. பார்க்கட்டும், பழியில்லை. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பிராஜெக்ட் ரன்வே’யின் முதற்போட்டியில் மளிகைக் கடைப் பொருள்களே துணி! மக்காச்சோள மடலால் ஆடை செய்தவர் வென்றார். அந்தக் கற்பனையைப் போற்றுவோம். ஆனால் அவ்வாடையை மறுமுறை உடுத்த முடியுமா? அது அங்கே கேள்வியன்று.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் ஒரு சலவைத்துறை உண்டு. 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டையை வைத்திருந்த டச்சுக்காரர், படைவீரர் உடை வெளுக்க அழைத்து வந்த தமிழரின் வழியினர் அங்கே உழைக்கின்றனர் என்பர். கல்லில் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்குக் கயிற்றின் இடையே செருகி உலர்த்தி, பெட்டி போட்டுத் தருகின்றனர். பழைய துணி மீண்டும் மீண்டும் புதிதாகிறது.

தைப்பவருக்கு மேடை, வெளுப்பவருக்கு? ஐம்பது வெளுப்புக்குப் பின் அதே ஆடையை மேடையேற்றுங்கள். நடுவர் நாற்காலி ஒன்றில் சலவைத் தொழிலாளி அமரட்டும். அப்போது தெரியும் எது ஆடை, எது வேடிக்கை என்று!

நண்பர்களே, நாம் மட்டும் என்ன? புதுச்சட்டைக்குக் கேட்ட விலை கொடுக்கிறோம். சலவைக் கூலியில் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். முதலில் அதை நிறுத்துவோம்.