மூன்று நிமிடம் இருபது நொடிக் கல்யாணம்

செல்போனே 4கே வீடியோ எடுக்கிற காலம் இது. கல்யாண வீட்டில் ஆளுக்கொரு கேமரா, மேலே ட்ரோன் வேறு. இந்த நேரத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில ஜோடிகள், பிலிம் கேமராவோடு வரும் ஓர் ஆளுக்குத் தனியாகக் காசு கொடுத்துத் தங்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சூப்பர் 8 கேமரா. ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். படம் லேசாக ஆடும். ஓரத்தில் வெளிச்சம் கசியும். குரல் எதுவும் பதிவாகாது.

இதைப் பார்த்து ஒரு கூட்டம் "பணக் கொழுப்பு" என்கிறது. இன்னொரு கூட்டம் "அடடா, என்ன ஒரு கலை!" என்று உருகுகிறது. இரண்டு பேருமே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பேசுகிறார்கள். கத்திரிக்காய் வாங்கினால்கூட காம்பைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஆயிரக்கணக்கில் டாலர் புரளும் கல்யாண வியாபாரத்தில், இந்த பிலிம் சரக்கில் எது அசல், எது வெறும் பூச்சு என்று பார்க்கவேண்டாமா?

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம்.

வீட்டுக்காரர்களே சினிமா எடுக்கலாம் என்று கோடக் கம்பெனி 16 எம்.எம். பிலிமைக் கொண்டுவந்தது 1923-இல். அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இன்னும் மலிவாக 8 எம்.எம். வந்தது 1932-இல். அதில் பாதி ஓடியதும் சுருளைத் திருப்பிப் போடவேண்டும். வெளிச்சம் பட்டால் போச்சு. அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1965-இல் சூப்பர் 8 வந்தது. பிலிம் ஒரு பிளாஸ்டிக் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும். கேமராவைத் திறந்து சொருகினால் வேலை முடிந்தது.

ஒரு கேட்ரிட்ஜில் 50 அடி பிலிம். அடிக்கு 72 பிரேம். ஆக மொத்தம் 3600 பிரேம். நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 200 நொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி. சினிமா போல 24 பிரேமில் ஓட்டினால் இரண்டரை நிமிடம்தான். அவ்வளவுதான் சரக்கு!

இடையில் ஒரு விஷயம். "செல்லுலாய்டில் கல்யாணம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையான செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் சமாச்சாரம். வீட்டு உபயோக பிலிமை கோடக் ஆரம்பம் முதலே அசிடேட்டில்தான் செய்தது. ஆனாலும் பேர் நிலைத்துவிட்டது, போகட்டும்.

பழைய அமெரிக்க வீட்டு சினிமாக்களில் கல்யாணக் காட்சி வந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். சர்ச் வாசல் படி, கார் கதவு, தோட்டத்தில் கேக், வெயிலில் கண்ணைச் சுருக்கும் தாத்தா... இப்படித்தான் இருக்கும். மோதிரம் மாற்றுகிற முக்கியமான கட்டம் பல சுருள்களில் இருக்காது. காரணம் ரொம்ப எளிது. சூப்பர் 8-இல் அதிகம் விற்ற கோடாக்ரோம் பிலிமின் வேகம் ஏ.எஸ்.ஏ. 40 மட்டுமே. சர்ச்சுக்குள் இருக்கும் வெளிச்சம் அதற்குப் போதாது. உள்ளே எடுக்க வேண்டுமென்றால் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு போடவேண்டும். அதனால் எடுக்க முடிந்த இடத்தில் எடுத்தார்கள். இன்று நாம் "அந்தக் கால அழகு" என்று ரசிக்கும் வெயில் நிறத்தில் பாதி, பிலிமின் இயலாமைதான்.

1980களில் வீடியோ கேமரா வந்ததும் இந்தச் சந்தை படுத்துவிட்டது. மணிக்கணக்கில் எடுக்கலாம், குரலும் வரும், கழுவ அனுப்ப வேண்டாம் என்றால் யார் பிலிம் வாங்குவார்கள்? சூப்பர் 8-க்குக் கோடாக்ரோம் போடுவதை கோடக் 2005-இல் நிறுத்தியது. 2009-இல் கோடாக்ரோமையே நிறுத்தியது. அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப், கன்சாஸ் மாகாணத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த டுவெய்ன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-ஓடு சுருள் வாங்குவதை நிறுத்தியது. 2012 ஜனவரியில் கோடக்கே திவால் மனு கொடுத்தது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2013-இல் கம்பெனி திவாலில் இருந்து வெளியே வந்தது. நிறுத்திவைத்திருந்த எக்டாக்ரோம் பிலிமை 2018-இல் மறுபடி கொண்டுவந்தது. 2016-இல் அறிவித்த புது சூப்பர் 8 கேமராவை ஒருவழியாக 2023 கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 5,495 டாலர். ஆமாம், படித்தது சரிதான். இந்தக் காசுக்கு நல்ல டிஜிட்டல் கேமராவும் வாங்கலாம், மீதிக் காசும் இருக்கும்.

சரி, அப்படியானால் மக்கள் எதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்?

நிறைய பேர் கொடுப்பது அந்த "லுக்"குக்கு. மஞ்சள் பூத்த நிறம், கோடு கோடாகக் கீறல், பிரேம் ஓரத்தில் ஒட்டிய தலைமுடி. ஆனால் இதெல்லாம் பிலிமின் குணமே இல்லை. கீறல் வந்தது ப்ரொஜெக்டரில் நூறு தடவை ஓட்டியதால். நிறம் போனது வயசானதால். இன்று சூப்பர் 8-இல் கிடைக்கும் விஷன்3 வகை பிலிம், ஹாலிவுட்டில் பெரிய படங்களுக்கு ஓடும் அதே வகை. அதில் வேகம் 500 உள்ள பிலிமும் உண்டு. பழைய 40-ஐப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். மண்டபத்துக்குள்ளும் எடுக்கலாம். ஒழுங்காக எடுத்து ஒழுங்காகக் கழுவினால் கீறல் எங்கிருந்து வரும்?

அந்தக் கீறல்தான் வேண்டும் என்றால் செல்போன் ஆப் ஒன்று போதும். ஒரு பட்டனைத் தட்டினால் ஐம்பது வருஷத் தூசு வந்து விழும். டிஜிட்டலில் எடுத்துவிட்டு மேலே தூசு தூவி "விண்டேஜ் பேக்கேஜ்" என்று பில் போடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. புதுச் சட்டையைக் கிழித்துவிட்டு "இது எங்க தாத்தா சட்டை" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தத் தூசு அந்தக் குடும்பம் வாழ்ந்து சேர்த்த தூசு இல்லையே.

ஆகவே லுக்குக்காக பிலிம் என்றால் அது வீண் செலவு. ஆனால் பிலிமில் இரண்டு அசல் சரக்கு இருக்கிறது. இரண்டையும் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வதில்லை.

முதலாவது, அந்த 3 நிமிடம் 20 நொடி.

அமெரிக்காவில் ஒரு கேட்ரிட்ஜ் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்க எண்பது டாலர் என்று வைத்துக்கொள்வோம். 200 நொடியால் வகுத்தால் நொடிக்கு 40 சென்ட். பத்து நொடி சும்மா ஓட்டினால் நாலு டாலர் காலி. ஒவ்வொரு நொடிக்கும் மீட்டர் ஓடுகிறது என்றால் ஒருவன் எப்படி எடுப்பான்? பார்ப்பான், காத்திருப்பான், அம்மா கண்ணைத் துடைக்கிற அந்த நேரத்தில் மட்டும் விரலை அழுத்துவான். பிறகு விட்டுவிடுவான்.

டிஜிட்டலில் இந்த மீட்டர் இல்லை. மூன்று கேமரா, எட்டு மணி நேரம். நம் ஊர்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோக்காரர் வந்ததும் மேடையே அவர் கைக்குப் போய்விடும். "மாப்ள, தாலியை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க... இந்தப் பக்கம் பாருங்க சார்... ஐயரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!" மந்திரம் ஒரு பக்கம், டைரக்ஷன் ஒரு பக்கம். அப்புறம் மூன்று மணி நேர டிவிடி வரும். பெண்ணின் முகம் ஒரு இதயத்துக்குள் சுற்றும், பின்னணியில் சினிமாப் பாட்டு. முதல் வாரம் வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். அடுத்த தடவை? வரிசையாகக் கை கொடுத்து மொய்க் கவரைத் திணிப்பதை ஒன்றரை மணி நேரம் யார் மறுபடி பார்ப்பது? பொருளாதாரத்தில் முதல் பாடமே அதுதானே, தட்டுப்பாடு இல்லாத இடத்தில் தேர்வு செய்ய அவசியம் இல்லை. தேர்வு செய்யாததால் எல்லாம் இருக்கிறது, எதுவும் கண்ணில் நிற்பதில்லை.

சாதாரண சூப்பர் 8 கேமராவில் எடுத்ததை உடனே போட்டுப் பார்க்கவும் முடியாது. அதனால் "சரியா வரல, இன்னொரு தடவை" என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணம் கல்யாணமாக நடக்கும். கேமரா அதன் பின்னால் ஓடும்.

இரண்டாவது அசல் சரக்கு, அந்தச் சுருள்.

1980களின் கடைசியிலும் 90களிலும் நடந்த தமிழ்நாட்டுக் கல்யாணங்கள் பல இன்றும் பீரோவில் வி.எச்.எஸ். கேசட்டாகக் கிடக்கின்றன. கேசட் இருக்கிறது, டெக் எங்கே? ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியதோடு உலகத்தில் புதிதாகச் செய்வதே நின்றுபோனது. டேப்பில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. சிடி, ஹார்ட் டிஸ்க், ஏதோ ஒரு லிங்க் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நடுவில் ஒரு மெஷினோ ஒரு கம்பெனியோ உயிரோடு இருக்கவேண்டும். பிலிமுக்கு அது வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், குட்டிக் குட்டியாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிவார்கள். நாளைக்கு இன்னும் நல்ல ஸ்கேனர் வந்தால் அதே சுருளில் இருந்து இன்னும் தெளிவாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடிய இடம். ஸ்கேன் செய்த ஃபைலை மட்டும் வாங்கிக்கொண்டு, சுருளை எடுத்தவரிடமே விட்டுவிட்டு வந்தால், பிலிமுக்குக் காசு கொடுத்து டிஜிட்டல் காப்பி வாங்கியதாகத்தான் அர்த்தம். சுருள் யாருக்குச் சொந்தம் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கவேண்டும். எந்த வகை பிலிம் என்றும் கேட்கவேண்டும். விஷன்3 நெகட்டிவ், ஆரஞ்சு நிறத்தில் தலைகீழ் வண்ணத்தோடு இருக்கும், ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்க உதவாது. தாத்தா காலத்து மாதிரி சுவரில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் எக்டாக்ரோமோ, கறுப்பு வெள்ளை ட்ரை-எக்ஸோ வேண்டும்.

பத்திரமாக வைப்பதும் ஒரு வேலை. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரப்பதத்திலும் கெடும். கெட ஆரம்பித்தால் வினிகர் வாசனை அடிக்கும், சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். சென்னை மாதிரி ஊரில் பரணில் போட்டு வைத்தால் பேரப்பிள்ளைக்கு ஊறுகாய்தான் மிஞ்சும் :-) உலர்ந்த, குளிர்ந்த இடம் வேண்டும்.

பிலிம் பக்தர்கள் மழுப்பும் குறை ஒன்று உண்டு. குரல். கோடக் 1973-இல் சத்தத்தோடு பதிவாகும் சூப்பர் 8 பிலிமைக் கொண்டுவந்து, 1997-இல் நிறுத்திவிட்டது. இன்று கிடைக்கும் பிலிமில் குரல் இல்லை. பாட்டி சிரிப்பது தெரியும், சிரிப்புச் சத்தம் கேட்காது. பெண்ணின் அப்பா தொண்டை அடைக்கப் பேசுவது தெரியும், என்ன பேசினார் என்று தெரியாது. பத்து வருஷம் கழித்து அந்த அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சுருளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? முகம் போட்டோவிலும் இருக்கும். குரல் போனால் போனதுதான்.

அதோடு, பிலிமுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அளவு தவறினால், கேமரா மக்கர் செய்தால், விமான நிலையத்தின் புது சி.டி. ஸ்கேனரில் கழுவாத சுருள் போய்விட்டால் எல்லாம் பாழ். முகூர்த்தத்தை மறுபடி வைக்க முடியுமா? அதனால் பிலிம் மட்டுமே போதும் என்று நம்பிக் கல்யாணத்தை ஒப்படைப்பது சூதாட்டம். பிலிமும் வேண்டும், பக்கத்தில் குரலைப் பதிய ஒரு ரெக்கார்டரும், ஓரமாக ஒரு சாதாரண டிஜிட்டல் கேமராவும் வேண்டும்.

இவ்வளவு செலவு எல்லோராலும் முடியாது. முடியவும் வேண்டாம். பிலிமில் இருக்கும் முதல் சரக்குக்குக் காசே தேவையில்லை. வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மேடையில் யாரையும் திருப்பி நிற்கவைக்க வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம், கடைசியில் அரை மணி நேரப் படம் ஒன்று போதும், வெட்டாத முழுப் பதிவையும் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பாட்டி பக்கத்தில் யாராவது உட்கார்ந்து, அவர் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டு செல்போனில் பதிந்துகொள்ளலாம். அதற்கு 5,495 டாலர் ஆகாது.

காசு இருக்கிறவர்கள் தாராளமாக பிலிமில் எடுக்கட்டும், தப்பே இல்லை. கீறலுக்கும் மஞ்சள் நிறத்துக்கும் காசு கொடுக்காமல், சுருளைக் கையோடு வாங்கிக்கொண்டு, அப்பாவின் குரலையும் எங்காவது பதிந்து வைத்துக்கொண்டால் கொடுத்த காசுக்கு நஷ்டமில்லை.