வீங்கிய காலைத் தேய்க்கலாமா?

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் சென்று, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் நடந்து வந்தவர் அந்தப் பெரியவர். எழுபது வயதைக் கடந்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஒரு நாள் அதிகாலை, பூஜைக்கு நந்தியாவட்டைப் பறிக்கக் கை நீட்டியவர் அப்படியே சரிந்தார். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அடைப்பு. இடது கையும் இடது காலும் செயலிழந்தன.

ஒன்பதாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். பன்னிரண்டாம் நாள் காலை உடம்பு துடைத்துவிடும்போது, இடது கெண்டைக்கால் வீங்கியிருப்பதை அவருடைய மனைவி கண்டார். படுத்தே கிடப்பதால் நீர் கோத்திருக்கிறது என்று எண்ணி, நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டு வந்தார்.

“அத்தை, தேய்க்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே அழைத்து வரும்படி நர்ஸ் சொல்லி அனுப்பினார்களே” என்று மருமகள் தடுத்தாள்.

“வலியே இல்லை என்கிறாரே, அம்மா!”

“அந்தக் காலில்தான் உணர்ச்சியே குறைந்துவிட்டதே, அத்தை. வலித்தாலும் அவருக்கு எப்படித் தெரியும்?”

அன்று மாலையே டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்பட்டது. தொடையின் ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது.

பக்கவாதத்திலிருந்து பிழைத்தவரைச் சில வாரங்களுக்குள் மறைந்திருந்து தாக்கும் ஆபத்து இது. இதயம் காலுக்கு அனுப்பும் ரத்தம், புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, அந்த ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகின்றன. அதனாலேயே கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பர். கால் அசையாதபோது சிரைகளில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் எளிதில் உறைகிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிரிந்து, இதயத்தின் வழியாக நுரையீரலை அடைந்து அடைத்துக்கொண்டால் நொடியில் உயிர் போகக்கூடும். காலில் தோன்றும் கட்டியே நுரையீரலுக்குப் பயணிக்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். வீங்கிய காலை அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயரக்கூடும் என்பதால்தான், பரிசோதனை முடியும்வரை எண்ணெயும் தைலமும் கூடாது என்கிறார்கள்.

இதைத் தடுக்க வழி உண்டா? கடையில் கிடைக்கும் இறுக்கமான நீண்ட காலுறையே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். பக்கவாத நோயாளிகள் 2,518 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளியானது. தொடைவரை காலுறை அணிந்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும், அணியாதவர்களில் 10.5 சதவீதம் பேருக்கும் ரத்தக்கட்டி உண்டாகியிருந்தது. ஏறக்குறைய வேறுபாடே இல்லை. மாறாக, அணிந்தவர்களுக்கே தோல் புண்களும் கொப்புளங்களும் மிகுதியாக வந்தன.

அதே ஆய்வுக் குழுவினர் அடுத்து, காலைச் சுற்றிக் கட்டும் காற்றழுத்த உறையைச் சோதித்தனர். ஒரு சிறு இயந்திரம் அந்த உறையில் விட்டு விட்டுக் காற்றை நிரப்பி, நடக்கும் தசையைப் போலவே ரத்தத்தை மேலே தள்ளும். பிரிட்டனில் 94 மருத்துவமனைகளில், தாமாக நடக்க இயலாத 2,876 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. உறை அணியாதவர்களில் 12.1 சதவீதம் பேருக்குக் கட்டி உண்டானது. அணிந்தவர்களில் அது 8.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே கட்டி இருக்கும் காலில் இதைக் கட்டக் கூடாது. தோலையும் நாள்தோறும் கவனிக்க வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிகளும் உண்டு. எனினும் பக்கவாதம் அடைப்பால் வந்ததா, ரத்தக் கசிவால் வந்ததா என்பதைப் பொறுத்தே மருத்துவர் அதை முடிவு செய்வார். அடுத்த வீட்டாருக்குக் கொடுத்த மருந்து இவருக்கு விஷமாகலாம். ஆகவே, “இவருக்கு ரத்தம் உறையாமலிருக்க என்ன ஏற்பாடு?” என்று மருத்துவரைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

உடலில் நீர் வற்றினாலும் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஆயினும், விழுங்கும் திறன் பரிசோதிக்கப்படும்வரை வாயில் எதையும் புகட்டலாகாது. கோயிலிலிருந்து அன்புடன் கொண்டு வரும் ஒரு உத்தரணித் தீர்த்தம்கூட மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் பாதிக்கக்கூடும். விபூதியை நெற்றியில் இடலாம். தீர்த்தமும் பிரசாதமும் மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருக்கட்டும். அதுபோல, முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை வலிந்து எழுப்பி நடக்க வைப்பதும் நன்மை தருவதில்லை. எப்போது உட்கார வைப்பது, எப்படிக் காலை மடக்கி நீட்டுவது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே முறை.

வீட்டில் இருப்போர் செய்யக்கூடிய பெரிய உதவி, பார்ப்பது. நாள்தோறும் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிவந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு உரிய மருந்து உரிய நேரத்தில் தொடங்கப்பட்டது. பல மாதங்கள் தொடர்ந்தது. கட்டி நுரையீரலுக்குச் செல்லவில்லை. இன்று அவர் கோலூன்றி வாசல் திண்ணைவரை நடக்கிறார்; பௌர்ணமியன்று அங்கே அமர்ந்து நிலவைப் பார்த்துக் கைகூப்புகிறார். நோயுற்ற அந்த நாள்களில் மருமகள் காலையில் அவர் பாதங்களைத் தொட்டு வணங்கும் முன், போர்வையை விலக்கி இரு கால்களையும் ஒரு கணம் உற்றுப் பார்ப்பாள். அந்த வழக்கத்தை அவள் இன்னும் விடவில்லை.