கடிவாயில் போட வேண்டிய மருந்து

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இருக்கும் பாஸ்டியர் நிலையம் 1907-ல் தொடங்கியது. அதற்கு முன் வெறிநாய் கடித்த தென்னிந்தியர் போக வேண்டியிருந்த இடம், 1900-ல் திறக்கப்பட்ட கசௌலி நிலையம். சென்னை மாகாணத்திலிருந்து அங்கே போய்ச் சேரவே ரயிலில் பல நாள் ஆகும். கடிபட்டவருக்கு அந்த நாட்கள்தான் உயிர். அவற்றை மிச்சம் பிடிக்கத்தான், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு குன்னூர் நிலையம் எழுந்தது.

இன்று ஊசிக்காக யாரும் கசௌலி போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஆனாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2022-23 கணக்கெடுப்பு மதிப்பீட்டின்படி, நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் ரேபிஸால் சாகிறார்கள். ஊசியே போடாதவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் இவர்களில் உண்டு. இந்த இதழில் நாம் பேச விரும்புவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி: உரிய நேரத்தில் நம்மிடம் வந்து, ஊசியும் போட்டுக்கொண்டு, கடிவாயில் சீரம் மட்டும் பெறாமல் வீடு திரும்புகிறவர்கள்.

உடலின் எதிர்ப்பாற்றல் ரேபிஸ் வைரஸை வெல்லக்கூடியது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஜி புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்தால், வைரஸ் நரம்புக்குள் நுழையவே முடியாது. சிக்கல், வைரஸ் தன்னை ஒளித்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. கடித்த இடத்துத் தசையில் சில காலம் கிடக்கும். பிறகு நரம்பு தசையைத் தொடும் சந்திப்பில் உள்ளே புகுந்து, நரம்பிழை வழியாகவே மூளையை நோக்கி ஏறும். ரத்தத்தில் பெரிதாக உலவாததால் நிணநீர் முடிச்சுகளுக்குச் செய்தி போவதில்லை. தொற்றிய செல் அபாயக் குரல் எழுப்ப உதவும் இன்டர்ஃபெரானையும் வைரஸின் பி புரதம் அடக்கிவிடுகிறது. நோய்க்குறி தெரியும் நாளில்கூடப் பல நோயாளிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதில்லை. தண்ணீரைக் கண்டு நடுங்கும் அந்தக் கட்டத்தில் நம் கையில் எதுவும் இல்லை.

தடுப்பூசி செய்வது, ஒளிந்து போகும் எதிரியை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது. தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரண்டு இடங்களில் போடும்போது, தோலில் செறிந்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் அந்தப் புரதத்தை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே உதவி டி செல்கள் விழிக்கின்றன, அவை பி செல்களைத் தூண்டுகின்றன, எதிர்ப்பொருள் பிறக்கிறது. தோலுக்குள் போடும்போது குறைந்த மருந்தே போதுமானதாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் இந்த வேலைக்கு நாள் பிடிக்கும். பாதுகாப்புக்குப் போதுமென்று கருதப்படும் மி.லி.க்கு 0.5 சர்வதேச யூனிட் அளவை எட்ட ஏழு முதல் பதினான்கு நாள் ஆகிறது. முகத்திலும் கைவிரலிலும் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன, முகத்துக்கு மூளையும் பக்கத்தில் இருக்கிறது. வைரஸ் அதுவரை காத்திருக்காது.

இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் சீரம், அதாவது இம்யூனோகுளோபுலின். தயாராக இருக்கும் எதிர்ப்பொருளை, வைரஸ் கிடக்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைப்பது. குதிரைச் சீரம் என்றால் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் 20. இதுவே உச்ச அளவு. கடிவாயின் உள்ளும் சுற்றிலும் இடம் கொள்ளும் மட்டும் செலுத்த வேண்டும். காயங்கள் அதிகமாக இருந்து மருந்து போதவில்லையென்றால் சலைன் கலந்து பெருக்கிக்கொள்ளலாம். கணக்குக்காக முழுவதையும் பிட்டத்தில் போட்டுவிட்டுக் காயத்தைத் தொடாமல் விட்டால், அந்த மருந்து வீண். ஒவ்வாமைக்கு அஞ்சிப் பின்வாங்கத் தேவையில்லை. தோல் சோதனை ஒவ்வாமையை முன்னறிவிப்பதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை வலியுறுத்துவதில்லை. அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். முதல் ஊசிக்கு ஏழு நாள் கழிந்தபின் சீரம் வேண்டாம், உடல் தானே தொடங்கிவிட்டிருக்கும்.

நம் பெரியவர்களுக்கு நாய்க்கடி என்றதும் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த அச்சம் வெறும் வலியால் வந்ததல்ல. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய அந்தத் தடுப்பூசி, ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனாலால் கொன்று தயாரித்தது. மூளைத்திசுவோடு மயலின் புரதமும் சேர்ந்தே உள்ளே போனது. சிலருடைய எதிர்ப்பாற்றல் வைரஸோடு நிற்காமல் தன் நரம்பு உறையையே தாக்கியது. கால் விழுந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. 1930-களில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு மூளைத்திசுவைத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதே பாதிப்பை உண்டாக்கிக் காட்டினார். தன்னைத் தானே தாக்கும் நரம்பு நோய்களைப் பற்றிய ஆய்வுக்கு அது அடித்தளமானது. இந்தியா 2004 டிசம்பரில்தான் நரம்புத்திசு ஊசியைக் கைவிட்டது. மிகவும் தாமதம் என்பதே நம் கருத்து. இன்று குன்னூரிலும் வீரோ செல்லில் வளர்த்த தடுப்பூசிதான். நோயாளி பழைய பயத்தில் தயங்கினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இதே குன்னூர் வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து வளர்த்தார். சத்துக்குறையால் அவற்றின் தைமஸ் சுருங்கியதை 1919 வாக்கில் எழுதினார். தைமஸ் எதற்கென்றே அப்போது யாருக்கும் தெரியாது. 1961-ல் ஜாக் மில்லர்தான் அதன் எதிர்ப்பாற்றல் பணியை நிறுவினார். நமக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றியவரின் உடல், ஊசிக்குக் கொடுக்கும் பதில் வலுவிழந்திருக்கக்கூடும். எச்.ஐ.வி. உள்ளவர், ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோருக்கு லேசான இரண்டாம் வகைக் கடியென்றாலும் சீரம் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்வது அதனால்தான். கேட்டால்தான் தெரியும், கேளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, சீரத்துக்குப் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுகிறோம். குந்தா பக்கத்து எஸ்டேட் லயனில் இருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்தச் சீட்டு ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், வீட்டில் தனியாக விடும் குழந்தை. ஊசிதான் போட்டாயிற்றே என்று அவர் நினைப்பதில் குற்றமில்லை. சீரத்தைக் கடிபட்டவர் வரும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு, நம் துறையின் பொறுப்பு. மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்தினால் போதும் என்று 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், ஒரு குப்பி முன்பைவிட அதிகம் பேருக்குப் பயன்படும். இந்தியாவிலேயே தயாராகும் மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளும் வந்துவிட்டன. வட்டார மருத்துவமனை வரையாவது ஏதேனும் ஒன்று எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

அதுவரை நாம் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ரேபிஸ் வைரஸின் உறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஊசி அறைக்கு அனுப்புமுன் கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்யுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ அப்பியிருந்தால் திட்டாமல் கழுவிவிடுங்கள். உங்கள் நிலையத்தில் அதற்கென்று ஒரு குழாயும் ஒரு சோப்பும் இல்லையென்றால், இந்த இதழைப் படித்து முடித்ததும் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.