அது நடிப்பு அல்ல

தலையில் அடிபட்டவருக்குச் சீட்டாட்டம் மறக்கவில்லை, ஊர்ப் பெயர்கள் மறக்கவில்லை, நேற்று நடந்தது மட்டும் மறந்துவிட்டதென்றால் அது நடிப்புதான் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். நினைவை ஒரே மூட்டையாகக் கருதுவதால் வரும் பிழை இது. கொடுமையான பிழையும்கூட.

கனடாவின் கென்ட் காக்ரேன் 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். மூளையின் ஹிப்போகாம்பஸ் இருபுறமும் கடுமையாகச் சிதைந்தது. அதன் பிறகும் சதுரங்கம் ஆடினார், தெளிவாகப் பேசினார். ஆனால் தன் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைக்கூட அவரால் மனக்கண்ணில் மீட்க முடியவில்லை. தம்பி இறந்தது தெரியும். அந்தச் செய்தி வந்த நாள் அவருக்குள் இல்லை. துக்கம்கூடத் தகவலாக மட்டுமே எஞ்சிய மனிதர் அவர். நிகழ்ச்சி நினைவும் பொது அறிவும் வேறு வேறு என்று 1972இல் எழுதிய உளவியலாளர் எண்டெல் டல்விங், பிற்பாடு இவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எல்லோருக்கும் பாதிப்பு இந்த அளவு இருக்காது என்பது உண்மை.

“ஸ்கேனில் ஒன்றுமில்லையே” என்ற வாதமும் நிற்காது. நுண்ணிய நரம்பிழைகள் அறுந்த காயம் பல நேரங்களில் சி.டி. ஸ்கேனில் தெரிவதில்லை.

அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வீட்டில், ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும் மகனை யாராவது அதட்டக்கூடும். ‘நடிப்பு’ என்ற சொல்லைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.