இரண்டாவது படம் யார் பொறுப்பு?

மலேசியத் தமிழ்த் திரையில் பெண் இயக்குநர்கள் எங்கே என்று கேட்ட காலம் போய்விட்டது. விமலா பெருமாள் 2011இல் ‘விளையாட்டுப் பசங்க’, 2014இல் ‘வெட்டிப் பசங்க’, 2018இல் ‘வெடிகுண்டு பசங்க’ என்று மூன்று முழுநீளப் படங்களைத் திரையரங்குக்குக் கொண்டுவந்தார். ஷாலினி பாலசுந்தரம் 2016இல் ‘கீதையின் ராதை’யை இயக்கி, அதில் நாயகியாகவும் நடித்தார், 2018இல் ‘திருடாதே பாப்பா திருடாதே’ வந்தது. நியூயார்க் மாநிலச் சிறையில் கைதிகளுக்கு நடனம் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியையைப் பற்றி இந்திராணி கோபால் எடுத்த ‘தி கேம் சேஞ்சர்’ ஆவணப்படம் உலக விழாக்களுக்குச் சென்றது. திறமை இருக்கிறது, பார்வையாளரும் இருக்கிறார்கள். முதல் படம் எடுத்த பெண் இரண்டாவது படத்துக்குப் போய்ச் சேரும் வழிதான் இன்னும் சரியாக அமையவில்லை.

விமலா பெருமாளின் படங்களுக்குப் பின்னால் அவரும் கணவர் டேனிஸ் குமாரும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் இருக்கிறது. கணவரே தயாரிப்பாளர், அவரே நாயகன். குடும்பம் இப்படித் தோள்கொடுப்பது போற்றத்தக்கது. ஆனால் அதைப் பார்த்துத் துறை தன் கடமை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. வீட்டில் அந்தத் துணை இல்லாத பெண்ணுக்கும், கோலாலம்பூரில் தங்க இடமில்லாத பெண்ணுக்கும், சேமிப்பை முதல் படத்திலேயே கரைத்துவிட்ட பெண்ணுக்கும் நாம் என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? இந்த இதழ் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்க விரும்பும் கேள்வி இதுவே.

இதைக் கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்திலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. குனோங் ஜெராய் அடிவாரம், கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், தீத்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி அருவிகள் என்று ஒளிப்பதிவாளர் தேடிவரும் நிலம் இது. கதைகளும் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது கெடாவின் பல தோட்டங்களில் தொழிலாளர் லயங்கள் வெறுமையாகின. குடும்பங்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் நகர்ந்தன. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் காலை ஆள்கணக்கான பிரட்டுக்கு ஓடிய பெண்கள் இன்று பாட்டிகள். 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்ட தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக எழுந்தது. கூலிப் பணம் கள்ளில் கரைந்ததன் வலியை அடுப்படியில் அனுபவித்தவர்கள் பெண்கள். அந்தப் போராட்டத்தை அவர்கள் பக்கத்திலிருந்து காட்டும் முழுநீளப் படம் நமக்கு வேண்டும்.

தோட்ட வாழ்க்கையை நம் சுயாதீனத் திரை தொடாமல் இல்லை. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) பல்கலைக்கழகம் போகத் துடிக்கும் தோட்டத்துப் பெண்ணைப் பரிவோடு காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதையைச் சொல்லி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. இரண்டும் நம் பெருமைகள். அதே லயத்தை, அதே வறுமையை அங்கு வளர்ந்த மகளே கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லும்போது இன்னொரு வாசல் திறக்கும். அந்த மகள் பீடோங்கிலோ குருணிலோ இப்போது கைப்பேசியில் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அவளுக்குத் தேவையானவை மூன்று. முதலாவது பணம். கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்குகிறது. தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’ ஆகியவை அப்படி உருவானவை. 2025 ஆகஸ்டில் மூத்த மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், பயிற்சி தராமல் இப்படிப் பணம் கொடுக்கலாகாது என்று பேசியபோது பெரும் விவாதம் எழுந்தது. பயிற்சி நல்லதுதான், ஆனால் முதல் படம் எடுக்கும் ஆண்களிடம் கேட்காத தகுதிச் சான்றைப் பெண்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் தன் நிதியில் ஒரு பகுதியைப் பெண்களின் முதல், இரண்டாம் படங்களுக்கென ஒதுக்கி, அதற்கான நேர்காணலை வடக்கிலும் நடத்த வேண்டும். 2003 முதல் நடந்துவரும் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட், கதைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நிதியும் வழிகாட்டலும் தந்து, முடிந்த படத்தைத் திரையிட்டும் காட்டுகிறது. நிதி, வழிகாட்டல், திரையிடல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஆதரவு.

இரண்டாவது, பாதுகாப்பான படப்பிடிப்புத் தளம். மலையாளத் திரையுலகை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019 இறுதியில் அரசிடம் தரப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. கழிப்பறை இல்லாத வெளிப்புறத் தளங்களில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்தி நோயுற்றதை அது பதிவு செய்தது. வயலிலும் அருவிக்கரையிலும் படமெடுக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. கழிப்பறை, உடைமாற்றும் இடம், இரவுப் படப்பிடிப்பு முடிந்ததும் வீடுவரை வண்டி ஆகிய மூன்றும் செலவுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டும். மலேசியாவில் 2022ஆம் ஆண்டின் பாலியல் தொந்தரவு தடுப்புச் சட்டமும், அதன்படி 2024இல் செயல்படத் தொடங்கிய தீர்ப்பாயமும் இருக்கின்றன என்பதைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, தொழில்நுட்பக் கூட்டு. 2000களின் நடுவில் மலேசிய இயக்குநர்களான தான் சூய் முய், ஜேம்ஸ் லீ, அமீர் முகமது, லியு செங் தாட் ஆகிய நால்வரும் தா ஹுவாங் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஒருவர் படத்தில் இன்னொருவர் வேலை செய்தார்கள். பணம் குறைவு, ஆனால் கைகள் நிறைய. தான் சூய் முய்யின் முதல் முழுநீளப் படமான ‘லவ் கான்கர்ஸ் ஆல்’ (2006) பூசான் திரைப்பட விழாவிலும், மறு ஆண்டு ராட்டர்டாம் விழாவிலும் பரிசு பெற்றது. வடக்கிலுள்ள நம் பெண்களும் இப்படிச் சேரலாம். அதற்கு ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு தெரிந்த பெண்கள் வேண்டும். உங்கள் அடுத்த படப்பிடிப்பில் ஒரு பெண்ணை உதவி ஒளிப்பதிவாளராகவோ ஒலிப்பதிவு உதவியாளராகவோ சம்பளத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடை, ஒப்பனைப் பிரிவோடு அவரை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த இதழும் தன் பங்கைச் செய்யும். இனி நாங்கள் வெளியிடும் படக் குறிப்புகளில் ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு ஆகியவற்றில் பணியாற்றிய பெண்களின் பெயர்கள் விடுபடாமல் அச்சாகும். முதல் படத்துக்குப் பின் நிதி தேடும் பெண் இயக்குநரின் கதைச் சுருக்கத்துக்கு ஒவ்வோர் இதழிலும் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். தயாரிப்பாளர்களே, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவரை அழைத்துப் பேசுங்கள். முதல் படத்துக்குக் கைதட்டிய நாம் இரண்டாவது படத்துக்குக் கைகொடுத்தாக வேண்டும்.